நாற்பத்தோராம் எண்

பஞ்சாபிக் கடையில் மிளகாய்த்தூளோடு
இரண்டு டொலருக்கு வந்த டிவிடி.
கீழே எழுத்து ஓடாது.
எங்களில் ஒருவருக்கும் இந்தி தெரியாது.
பதினொரு வருடமாகப் பார்க்கிறோம்.

ஒட்டகம் மேய்ப்பவன் மகள்
நடைப்போட்டியில் வெல்லும் கதை.
ஓட்டம் இல்லை, நடை.
ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும்,
ஊன்றும் காலின் முழங்கால் மடங்கக் கூடாது,
மூன்று சிவப்பு அட்டை விழுந்தால் வெளியே.
இந்தச் சட்டமெல்லாம்
நிதுசன் நூலகத்தில் படித்து வந்து சொன்னது.
அதற்கு முன்
அந்தப் பெண்ணுக்கு இடுப்பில் ஏதோ வருத்தம்
என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மணல்வெளியில் அவள் நடக்க
ஜீப்பில் தொங்கியபடி பயிற்சியாளர் கத்துவார்:
பானீ! பானீ!
ஆரபிக்கு அப்போது ஐந்து வயது.
"அப்பா, அங்க எங்க பனி?"
எங்கள் யன்னலுக்கு வெளியே
முழங்கால் வரை கிடந்தது.
"வரப்போகுதாம், அதுதான் கெதியா நடக்கச் சொல்லுறார்."
மூன்று வருடம் நம்பினாள்.
பக்கத்து வீட்டு குல்விந்தர் வந்து
அது தண்ணீர் என்று சொன்ன பிறகும்
எங்கள் வீட்டில் அவர் பனி என்றுதான் கத்துகிறார்.

யாருக்கு எது தோற்றாலும் இந்தப் படம்.
எனக்கு வேலை போன கிழமை இரண்டு தரம்.
நிதுசன் கணக்கில் விழுந்தபோது.
பூனை திரும்பி வராத இரவில்
பாதி வரை.

நேற்று சுகிர்தாவுக்கு.
தாதியர் பதிவுப் பரீட்சை, மூன்றாம் முறை.
கடிதம்கூட இல்லை, போனில் ஒரு வரி.
பார்த்துவிட்டு
பருப்பு அடிப்பிடிக்கப் போகுது என்றாள்.
பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை,
டிவிடியைச் சட்டையில் துடைத்துப் போட்டார்கள்.

வெளியே மைனஸ் முப்பத்து நான்கு.
மில்வுட்ஸ் முழுக்கக் கார்கள்
மூக்கில் குழாய் செருகிய நோயாளிகள் மாதிரி
வீட்டுச் சுவர்களோடு வயர் கோத்துக் கிடந்தன.

கடைசிப் போட்டி. இருபது கிலோமீற்றர்.
வசனங்களை நால்வரும் ஒலியாகச் சொன்னோம்,
எந்தச் சொல் எங்கே முடிகிறது என்று தெரியாமல்.
வழக்கமாக இந்த இடத்தில்
நான் எழும்பி நிற்பேன்.

"நிப்பாட்டு" என்றாள் சுகிர்தா.
"பின்னுக்கு விடு. இன்னும். அங்க."

நாயகியின் தோளுக்குப் பின்னால்
பச்சை உடுப்பு, நெஞ்சில் நாற்பத்தொன்று.
வசனம் இல்லை, பெயர் இல்லை.
நடுவர் மூன்றாவது அட்டையை நீட்டுகிறார்.
படத்துக்கு அது தேவையே இல்லை;
கமெரா வேறெங்கோ போகிற அவசரத்தில்
சில விநாடி அவளைப் பிடித்திருக்கிறது.
பதினொரு வருடமாக
எங்கள் முன்னறையில் அவள்
வெளியேறிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

"காலைப் பாருங்கோ."

இலக்கத்தைக் கழற்றியபடி
கயிற்றை நோக்கிப் போகிறவள்,
இனி எவரும் எண்ணப் போகாத அந்த ஐந்தாறு அடியையும்
ஒரு கால் ஊன்றிய பிறகே மறுகால் எடுத்து
முழங்கால் மடங்காமல் போகிறாள்.

"இது நடிக்க வந்த பிள்ளை இல்லை," என்றாள் சுகிர்தா.
"உண்மையான நடைக்காரி.
பழக்கம் விடேல்லை."

நிதுசன் மறுபடி விட்டான். மறுபடி.
ஆறாம் தரம் ஆரபி,
"இந்த முறை அட்டை விழாது பாருங்கோ" என்றாள்.
விழுந்தது.

நாயகி வென்றதை நேற்று நாங்கள் பார்க்கவில்லை.
பருப்பு அடிப்பிடித்திருந்தது. தின்றோம்.

இன்று விடிய ஐந்தேகாலுக்கு
முதியோர் இல்ல வேலைக்கு இறங்கினாள்.
யன்னல் கண்ணாடியில் ஒரு கையளவு துடைத்து
நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.
வாசலிலிருந்து கார் வரை
தெருவிளக்கு வழுக்குகிற ஐஸ்.
இடது கால்.
அது ஊன்றியதா என்று பார்த்து, வலது.
குனிந்து காரின் வயரைப் பிடுங்கினாள்.

மேல்மாடி யன்னலைத் திறந்து
தூக்கம் கலையாத குரலில் ஆரபி கத்தினாள்:
"பனீ! பனீ!"